மதகைத் திறக்கலாமா? ஆற்றுநீரின் தரமும் சிக்கல்வழிக் கற்றலும்



அறிவியல் கற்பித்தல் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தீர்கள். பொருளை என் விருப்பத்துக்கு விட்டீர்கள். நான் ஓர் அணையின் மதகை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர், கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்கிற ஊருக்கு அருகே காவிரியில் கலக்கிறது நொய்யல் ஆறு. காஞ்சிமாநதி என்பது அதன் பழம்பெயர். ஆண்டு முழுவதும் நீரோட்டம் உள்ள ஆறு அன்று. மழைக்காலத்தில் பெருகி, மற்ற மாதங்களில் இளைத்துப்போவது. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் அதன் குறுக்கே பாசனத்துக்காக ஓர் அணை கட்டினார்கள். அணை நிரம்பவும் செய்தது. ஆனால் மழையில்லாத மாதங்களில் அங்கே வந்து சேர்ந்ததில் பெரும்பகுதி திருப்பூரின் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் வெளியேற்றிய தண்ணீர். தண்ணீர் விடுங்கள் என்று கேட்க வேண்டிய பாசன விவசாயிகள், விடாதீர்கள் என்று கேட்கும் நிலை சில ஆண்டுகளுக்குள் வந்துவிட்டது. தேக்கி வைத்தாலோ, அணையைச் சுற்றியுள்ள கிணறுகளில் உப்பு ஏறியது.

இதை ஒன்பதாம் வகுப்பிலோ பதினொன்றாம் வகுப்பிலோ, எந்த முன்னுரையும் இல்லாமல் மாணவர் முன் வைக்கலாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அணையில் தண்ணீர் நிற்கிறது. நீங்கள்தான் பொறுப்புப் பொறியாளர். மதகைத் திறக்கலாமா, கூடாதா? திறப்பதானால் எப்போது, எவ்வளவு? இந்தக் கேள்வியில் தொடங்கினால், ஆற்றுநீரின் தரம் பற்றி மாணவர் கற்க வேண்டியவை அனைத்தும் ஒவ்வொன்றாக அவர்களுக்குத் தேவைப்படும். தேவைப்பட்ட பிறகு கற்பதுதான் தங்கும்.

நடைமுறையில் நாம் செய்வது இதற்கு நேர்மாறானது. சுற்றுச்சூழல் கல்வியை எல்லா நிலைகளிலும் கட்டாயமாக்க வேண்டும் என்று வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்பின் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அந்தப் பாடம் வந்துவிட்டது. மாசு என்றால் என்ன, காரணங்கள் யாவை, விளைவுகள் யாவை, தடுக்கும் வழிகள் யாவை என்று தேர்வு வினாவுக்குத் தோதான வரிசையில் அமைந்துவிட்டது. விடை முதலிலேயே தெரிந்துவிடுகிறது: ஆறு கெட்டுவிட்டது, கெடுத்தவர்கள் தவறு செய்தவர்கள், இனிக் கெடுக்கக் கூடாது. ஆற்றங்கரைக்கே கூட்டிப்போய்ச் சோதனைக் குழாயைக் கையில் கொடுத்தாலும், ஏற்கெனவே தெரிந்த விடைக்கு ஓர் எண்ணைச் சேர்த்து எழுதிக்கொண்டு பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள். அவர்களுடைய அக்கறை உண்மையானது. அந்த அக்கறைக்கு வேலை கொடுக்காமல் அனுப்பிவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

சிக்கலை முதலில் வைத்துக் கற்பிக்கும் முறை மருத்துவக் கல்வியில் உருவானது. கனடாவின் ஹாமில்டன் நகரில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் தன் மருத்துவப் பள்ளியை 20 மாணவர்களோடு தொடங்கியபோது, இரண்டு ஆண்டு உடற்கூறும் உயிர்வேதியியலும் படித்த பிறகே நோயாளியைப் பார்ப்பது என்ற வழக்கத்தைக் கைவிட்டது. முதல் நாளிலிருந்தே நோயாளியின் கதை. மூச்சுத் திணறலோடு வருபவரைப் புரிந்துகொள்ள நுரையீரலைப் படிக்க வேண்டியிருந்தது; ஆகவே படித்தார்கள். ஹோவர்ட் பேரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் அதற்கு முறையான வடிவம் தந்தார். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம் 1974 முதல் அதைப் பின்பற்றி, ஏழு படிகளாக வகுத்துக்கொண்டது. படிகளின் எண்ணிக்கை முக்கியமன்று. சிக்கல் உண்மையானதாக இருக்க வேண்டும், அதற்கு ஆசிரியர் கைவசம் ஆயத்த விடை இருக்கக் கூடாது, எதைப் படிக்க வேண்டும் என்பதை மாணவரே கண்டறிய வேண்டும். சாரம் இந்த மூன்றில் அடங்கும்.

ஆற்றுக்கு இம்முறை பொருந்தும் என்று காட்டியது அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரம். அங்கே ஹ்யூரான் ஆற்றங்கரையில் ஓர் உயர்நிலைப்பள்ளி உண்டு. 1980களின் நடுவில், ஆற்றில் பாய்மரப் பலகை ஓட்டி விளையாடிய மாணவர்கள் சிலருக்கு ஹெப்படைட்டிஸ் ஏ வகை மஞ்சள் காமாலை வந்தது. வகுப்புத் தோழர்கள் படுக்கையில் கிடக்கும்போது, 'நீர் மாசு என்றால் என்ன?' என்று எந்த ஆசிரியரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. 'இது எங்கிருந்து வந்தது?' என்று மாணவரே கேட்டார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்டாப் துணைக்கு வந்தார். சோதித்தபோது மனிதக் கழிவோடு வரும் நுண்ணுயிர்கள் இருப்பது தெரிந்தது. தேடல் மழைநீர் வடிகால்களில் போய் நின்றது. அந்தப் பள்ளிக்கூட முயற்சியிலிருந்து வளர்ந்ததுதான், ஸ்டாப் 1989இல் தொடங்கிய உலக ஆறுகள் சுற்றுச்சூழல் கல்வி வலையமைப்பு. பல நாட்டுப் பள்ளிகள் அதில் சேர்ந்தன.

அந்த வலையமைப்பின் கையேடு ஒன்பது சோதனைகளைக் கற்றுத்தந்தது. அமெரிக்காவின் தேசியத் துப்புரவு நிறுவனம் 1970இல் உருவாக்கிய நீர்த்தரக் குறியீட்டில் இருக்கும் அதே ஒன்பது. கரைந்த ஆக்சிஜனுக்கு 17 விழுக்காடு எடை, மலக்கிருமிகளுக்கு 16, அமில-காரத் தன்மைக்கு 11 என்று பிரித்துக் கூட்டி, ஆற்றுக்கு நூற்றுக்கு இத்தனை மதிப்பெண் என்று போடலாம். தண்ணீரில் உள்ள மொத்தத் திடப்பொருளுக்கு, அதாவது உப்பையும் உள்ளடக்கிய கணக்குக்கு, அதில் இருக்கும் எடை 7 விழுக்காடு. ஒன்பதிலும் இதுதான் மிகக் குறைவு.

நொய்யலை இந்த அளவுகோலில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று பாருங்கள். அதன் பெருநோய் உப்பு. உப்புக்கு ஏழே பங்கு தரும் குறியீட்டில், சாக்கடை கலவாத உப்புத் தண்ணீர் நல்ல மதிப்பெண் வாங்கித் தேறிவிடும். அந்தத் தண்ணீரை வாழைத் தோட்டத்துக்குப் பாய்ச்சினால் வாழை கருகும். வேறு ஆறுகளின் நோயைக் கண்டறியச் செய்த கருவி, நம் ஆற்றின் நோயைப் பார்க்காமலே கடந்துவிடுகிறது. ஆயத்தச் சோதனைப் பெட்டிகளை வாங்கிப் பள்ளிகளுக்கு வழங்கிவிட்டால் ஆற்றுக் கல்வி நடந்துவிடும் என்று நம்புகிறவர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். எதை அளப்பது என்பதைச் சிக்கல்தான் சொல்ல வேண்டும்.

சரி, மதகுக் கேள்விக்கு வகுப்பில் எப்படிப் போவது? என் பரிந்துரை, மூன்று கண்ணாடிப் புட்டிகளோடு தொடங்குவது. ஒன்றில் மழைவெள்ளத்துச் செம்மண் கலங்கல். ஒன்றில் பாசி பிடித்த குளத்துப் பச்சைத் தண்ணீர். மூன்றாவதில் லிட்டருக்கு ஐந்து கிராம் உப்புக் கரைத்த தெளிந்த தண்ணீர். வாயில் வைக்கக் கூடாது. பார்த்து மட்டும் சொல்ல வேண்டும்: எதை வயலுக்குப் பாய்ச்சுவீர்கள்? பெரும்பாலான கைகள் தெளிந்த தண்ணீரைக் காட்டும். பிறகு, கரைந்த திடப்பொருளின் மொத்த அளவைக் காட்டும், பேனா அளவில் இருக்கும் டி.டி.எஸ். மீட்டரைக் கொடுங்கள். தெளிந்த புட்டியில் எண் ஐயாயிரத்தை நெருங்கும்; செம்மண் கலங்கலில் சில நூறுகளில் நிற்கும். வகுப்பில் பேச்சு அங்கே தொடங்கும். பயிர்க்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவர் இருந்தால், செங்கலங்கல் வண்டலைக் கொண்டுவரும் என்பதால் தாத்தா அதைத்தான் விரும்புவார் என்று சொல்லக்கூடும். கரும்பலகையில் மூன்று பத்தி போடுங்கள்: நமக்குத் தெரிந்தது, நாம் ஊகிப்பது, இன்னும் தெரிய வேண்டியது. மூன்றாம் பத்திதான் இனி உங்கள் பாடத்திட்டம்.

அதில் முதலாவதாக வரக்கூடிய கேள்வி, ஆற்றில் இவ்வளவு உப்பு எப்படி வந்தது என்பது. சாயம்தானே போட்டார்கள், உப்பு எதற்கு? இங்கே வேதியியல் ஆசிரியர் நுழைய வேண்டும். பருத்தி நூலுக்குப் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம் பயன்படுத்துகிறார்கள். தண்ணீரில் பருத்தியின் மேற்பரப்பும் எதிர்மின்னேற்றம் கொள்கிறது, சாய மூலக்கூறும் எதிர்மின்னேற்றம் உடையது. ஒன்றையொன்று தள்ளும். சாதாரண உப்பையோ சோடியம் சல்பேட்டையோ நிறையக் கரைத்தால் அந்தத் தள்ளுவிசை மட்டுப்பட்டு, சாயம் நூலை நோக்கி நகர்கிறது. நூலோடு சேர்வது சாயம். உப்பு தன் வேலையை முடித்துவிட்டு, போட்ட அளவு குறையாமல் தண்ணீரோடு வெளியே வருகிறது.

இதைக் கணக்காகப் போடச் சொல்லுங்கள். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் சாயக் குளியல், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால், உப்பு 480 கிராம். துணியை வெளுத்து, சாயமேற்றி, பலமுறை அலசியதில் மொத்தம் 100 லிட்டர் தண்ணீர் வெளியேறுகிறது என்றால், அதன் உப்பளவு லிட்டருக்கு 4,800 மில்லிகிராம். ஆற்றில் விடத்தக்க கழிவுநீருக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்த வரம்பு 2,100. லிட்டருக்கு 200 மில்லிகிராம் உப்புள்ள நல்ல தண்ணீரைக் கலந்து அந்த வரம்புக்குள் கொண்டுவர, ஒவ்வொரு கிலோ துணிக்கும் சுமார் 140 லிட்டர் வேண்டும். குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஏற்கத்தக்கதாகச் சொல்லும் 500க்கு இறக்க வேண்டுமானால் சுமார் 1,430 லிட்டர். இது எட்டாம் வகுப்புக் கலவைக் கணக்குதான். ஆனால் இந்தக் கணக்கைப் போடும் பிள்ளை, நாள்தோறும் டன் கணக்கில் துணி சாயமேற்றும் ஊரில், மார்ச் மாதத்து நொய்யலில் அத்தனை தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அடுத்த நொடி கேட்பார். ஓடாத ஆற்றிடம் கரைத்துக்கொள்ளும் சக்தியை எதிர்பார்த்து ஒரு தொழில் வளர்ந்தது என்பதை அவருக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த கேள்வி இதைவிட நுட்பமானது. சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தனவே, அவை என்ன செய்தன? சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் இட்டுச் சாயத்தைப் படிய வைத்தன. நுண்ணுயிர்களைக் கொண்டு கரிமக் கழிவைக் குறைத்தன. நிறம் போயிற்று. கரைந்த உப்பு அப்படியே இருந்தது. போட்ட வேதிப்பொருட்களால் சற்றுக் கூடவும் செய்தது. சிவப்பும் நீலமுமாக ஓடும்போது ஊரே கொதித்தது. நிறம் நீங்கித் தெளிந்து ஓடியபோது கோபம் தணிந்தது, கேடு தணியவில்லை. கண்ணை நம்பி மட்டும் ஆற்றைக் காக்க முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டை நான் அறியேன்.

உப்பும் சாக்கடையும் ஒரே வகைக் கேடு அல்ல என்பதையும் மாணவர் இங்கேதான் கற்க வேண்டும். நொய்யல் இரண்டையும் சுமந்த ஆறு. வீட்டுச் சாக்கடை ஆற்றில் கலந்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்னும். தின்னும்போது தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைச் செலவழிக்கும். கொஞ்ச தூரம் ஆக்சிஜன் சரியும். மேலும் சாக்கடை சேராமல் போதிய ஓட்டம் இருந்தால், காற்றிலிருந்து பெற்று மறுபடி ஏறும். அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றை ஆராய்ந்து ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் இருவரும் 1925இல் இதற்குச் சமன்பாடு தந்தார்கள். இடம்விட்டு இடம் அளந்து வரைபடத் தாளில் குறித்தால், சமன்பாடு தெரியாத மாணவருக்கும் அந்தச் சரிவும் ஏற்றமும் கண்ணுக்குத் தெரியும். உப்புக்கு இப்படி ஒரு மீட்சி இல்லை. எந்த உயிரும் அதைத் தின்று தீர்ப்பதில்லை. தண்ணீர் ஆவியானால் மேலும் அடர்த்தியாகும். நிலத்தில் இறங்கினால் சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்து, மழைநீர்கூட உள்ளே இறங்காதபடி மண்ணை இறுக்கிவிடும். ஆறு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று நம் பெரியவர்கள் சொன்னது சாக்கடையின் வகையில் ஓரளவு உண்மை. உப்பின் வகையில் உண்மையில்லை.

'நல்ல தண்ணீர்' எது என்ற கேள்வி இந்த இடத்தில் தானாக எழும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆற்றுநீரை அதன் பயனைக் கொண்டு ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. குளிப்பதற்கான பி வகுப்பில் ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களின் ஆக்சிஜன் தேவையான பி.ஓ.டி. 3ஐத் தாண்டக் கூடாது, கோலிஃபார்ம் கிருமிகள் நூறு மில்லிலிட்டருக்கு 500க்குள். மீனுக்கான டி வகுப்பில் ஆக்சிஜன் 4. பாசனத்துக்கான ஈ வகுப்பில் ஆக்சிஜன் பற்றிய பேச்சே இல்லை. மின்கடத்துதிறன் 2,250க்குள் இருக்க வேண்டும், சோடியத்தின் விகிதமும் போரானும் வரம்புக்குள் இருக்க வேண்டும். உப்பளவாக மாற்றினால் 2,250 என்பது தோராயமாக 1,440 மில்லிகிராம். ஆலைக் கழிவுநீருக்கு வைத்த வரம்போ 2,100. ஆலை சட்டப்படி நடந்து, ஆற்றில் வேறு தண்ணீரே இல்லாமல் அது மட்டும் ஓடினால், அந்த ஆறு பாசனத்துக்கு ஆகாது. இரண்டு அட்டவணைகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஆசிரியர் பேசாமல் இருந்தால் போதும். மாணவர் இதைக் கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடித்தவர் முகத்தில் வரும் வெளிச்சத்தை எந்த விரிவுரையாலும் வரவழைக்க முடியாது.

அளப்பதன் நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்து ஆறு காலை பத்து மணி முதல் மாலை நான்கு வரை ஓடும் ஆறு. ஆசிரியர் கூட்டிப்போகும் நேரம் அதுதான். சாக்கடைச் சத்து நிறைந்து பாசி அடர்ந்த தண்ணீரில் பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்யும். பிற்பகலில் அளந்தால் ஆக்சிஜன் 12 மில்லிகிராம்கூட இருக்கலாம். 30 பாகை வெப்பத்தில் காற்றோடு சமநிலையில் இருக்கும் தூய நீரே ஏழரை மில்லிகிராம்தான் வைத்திருக்க முடியும். ஆகவே 12 என்பது நோயின் அறிகுறி. அந்த ஆற்றையே விடியலுக்கு முன் அளந்தால், இரவு முழுதும் மூச்சுவிட்ட பாசி ஆக்சிஜனைத் தீர்த்திருக்கும். மீன் சாவது அந்த நேரத்தில்தான். நிறைய இருந்தால் நல்லது என்று பாடத்தில் படித்த ஓர் அளவு, நேரம் மாறினால் எதிர்ப்பொருள் தருகிறது. கரையில் குடியிருக்கும் மாணவர் யாராவது தம் வீட்டுப் பெரியவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு விடியலில் ஒரு புட்டி எடுத்து, அங்கேயே ஆக்சிஜனை நிலைப்படுத்தும் மருந்தை விட்டு, மூடிக் கொண்டுவர முடியுமானால், பகல் அளவீடுகள் பத்தைவிட அது அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

பாதுகாப்பைச் சொல்லாமல் இதைச் சொல்லக் கூடாது. ஆற்றில் இறங்க விடாதீர்கள். கயிற்றில் கட்டிய வாளியால் பாலத்திலிருந்து மொள்ளலாம். கையுறை வேண்டும், பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். ஆக்சிஜனுக்கான விங்க்ளர் சோதனையில் வலுவான காரமும் அமிலமும் உண்டு, சில வடிவங்களில் சோடியம் அசைடு என்ற நஞ்சும் உண்டு. அந்த மருந்தைப் பெரியவர் மட்டுமே கையாள வேண்டும். சோதித்து முடித்த கழிவைப் புட்டியில் சேர்த்துப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டும், ஆற்றிலோ வாய்க்காலிலோ ஊற்றக் கூடாது. மலக்கிருமிக்கு விலையுயர்ந்த ஆய்வகம் தேவையில்லை. குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகத்தின் அறிவியலாளர்கள் 1982இல் வெளியிட்ட எளிய முறை ஒன்று இருக்கிறது: மருந்து தோய்த்த காகிதத் துண்டுள்ள புட்டியில் தண்ணீரை நிரப்பி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், மலக்கலப்பு இருக்கையில் தண்ணீர் கறுத்துவிடும். இந்தியக் கிராமங்களை மனத்தில் வைத்துச் செய்த சோதனை அது. நம் பள்ளிகள் அதை இன்னும் பரவலாகக் கையில் எடுக்காதது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இம்முறைக்கு எதிர்ப்பு உண்டு, அதை நான் மதிக்கிறேன். கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூவர் 2006இல் எழுதிய கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அடிப்படை அறியாத புதியவரைச் சிக்கலின் நடுவே விட்டால், அவருடைய மனத்தின் வேலைக்கூடம் தேடலிலேயே நிரம்பிவிடும், கற்க இடம் இருக்காது என்பது அவர்கள் வாதம். சிக்கல்வழிக் கற்றலில் வழிகாட்டல் குறைவு என்பது சரியான வருணனை அன்று என்று ஹ்மேலோ-சில்வரும் உடன் எழுதியவர்களும் 2007இல் மறுமொழி எழுதினார்கள். என் தீர்ப்பு இருவருக்கும் இடையில் இல்லை. இரண்டாமவர் பக்கம் இருக்கிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. டைட்ரேஷன் என்ற தரம்பார்த்தலைச் செய்வதை மாணவர் தாமாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதை நேராக, பொறுமையாக, கையைப் பிடித்துக் கற்றுத்தர வேண்டும். மின்கடத்துதிறன் என்றால் என்ன என்று கேட்கும் மாணவரிடம் 'நீயே யோசி' என்பது கற்பித்தல் ஆகாது. ஆசிரியர் அடக்கி வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: மதகைத் திறக்கலாமா என்பதில் தம் கருத்தை. மற்ற அனைத்தையும், கேட்ட நேரத்தில், தாராளமாகத் தர வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கடினமான பகுதிக்கு வருகிறேன். திருப்பூரில் ஒரு வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். பாதிப் பிள்ளைகளின் பெற்றோர் பனியன் கம்பெனியில் இருப்பார்கள். ஒருவரின் அப்பா சாயப்பட்டறையில் ஷிப்டு பார்ப்பவர். இன்னொருவரின் குடும்பம், கிணறு உப்பாகிப்போய்த் தோட்டத்தை விட்டுவிட்டு ஊருக்குள் வேலைக்கு வந்தது. மதுரைப் பக்கத்திலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ பிழைக்க வந்த வீட்டுப் பிள்ளையும் இருப்பார். இந்த வகுப்பில் 'சாயப்பட்டறைக்காரர்கள் ஆற்றைக் கொன்றார்கள்' என்று ஆசிரியர் சொல்லும் வாக்கியம், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையின் அப்பாவைப் பற்றியது. அந்தக் குழந்தை தலையைக் குனிந்துகொள்ளும். அதற்குப் பிறகு அந்தக் குழந்தையால் வேதியியல் எதையும் கேட்க முடியாது.

சிக்கல்வழிக் கற்றல் இங்கே கைகொடுப்பதை நான் மனமார நம்புகிறேன். மதகுக் கேள்வியில் அந்தக் குழந்தைக்கு ஓர் இடம் இருக்கிறது. அணைக்கு மேலே பட்டறைத் தொழிலாளி, அணையோரத்துக் கிணற்றுக்காரர், கீழே கரூர்ப் பக்கத்துப் பாசனக்காரர், காவிரியிலிருந்து குடிநீர் பெறும் ஊர்க்காரர், பொறியாளர் என்று குழுக்களாகப் பிரித்து, அவரவர் தரப்பை அளவீடுகளோடு எழுதச் சொல்லுங்கள். பட்டறைத் தொழிலாளியின் மகளைப் பாசனக்காரர் குழுவிலும், தோட்டக்காரர் மகனைப் பட்டறைக் குழுவிலும் போட வேண்டும் என்பது என் கருத்து. உப்பு இல்லாமல் சாயமேறாது என்பதைத் தோட்டக்காரர் மகன் விளக்கட்டும். கடைமடையின் மண் இறுகிப்போனதை மற்றவர் விளக்கட்டும். வெள்ளம் வரும் நாளில், ஆற்றில் நிறையத் தண்ணீர் ஓடும்போது சிறிது சிறிதாகத் திறக்கலாம் என்ற யோசனை பெரும்பாலும் மாணவரிடமிருந்தே வரும். அப்போது காவிரிக் குழு எழுந்து, எவ்வளவு திறந்தால் எங்கள் தண்ணீரில் எத்தனை உப்பு கூடும் என்று கேட்கும். மறுபடி கலவைக் கணக்கு.

நடந்த வரலாற்றை இதற்குப் பிறகே சொல்ல வேண்டும். நொய்யல் பாசன விவசாயிகள் சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையைப் பட்டறைகள் எட்ட வேண்டும் என்றது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நிறைவேறாதபோது 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றன. பிறகு எதிர்ச் சவ்வூடு பரவல், ஆவியாக்கிகள், உப்பை மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் அமைப்புகள் என்று தொழில் மெல்ல எழுந்தது. தாம் ஏற்கெனவே விவாதித்த கேள்விக்கு நீதிமன்றம் சொன்ன விடையைப் படிக்கும் மாணவர், மனப்பாடம் செய்பவராக அதைப் படிக்கமாட்டார். ஒப்பிடுவார், உடன்படுவார், மறுப்பார்.

பள்ளிப்பிள்ளைகள் எடுத்த எண்களால் என்ன பயன் என்று கேட்கும் பெற்றோர் உண்டு. நேர்மையான விடை இது: நீதிமன்றத்தில் அவை சாட்சியாகா. 1974ஆம் ஆண்டு நீர்ச்சட்டத்தின் 21ஆம் பிரிவு, கழிவுநீர் மாதிரியை எப்படி எடுக்க வேண்டும் என்று விரிவாகச் சொல்கிறது. ஆலைக்காரருக்கு அங்கேயே அறிவிப்பு, அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்தல், முத்திரை, இரு தரப்புக் கையெழுத்து. இந்தப் பிரிவையும் மாணவரைப் படிக்க வைக்கலாம். ஓர் எண் எப்போது சான்றாகிறது என்பது அறிவியலின் கேள்வியும்கூட. பள்ளியால் மட்டுமே முடிகிற காரியம் வேறொன்று உண்டு. அதே பாலம், அதே தூண், அதே மாதம், அதே மணி என்று ஆண்டுக்கு ஆண்டு ஒரு வகுப்பு அடுத்த வகுப்பிடம் குறிப்பேட்டை ஒப்படைத்துக்கொண்டே போகலாம். அதிகாரிகள் மாறுவார்கள், திட்டங்கள் முடிந்துபோகும். ஒன்பதாம் வகுப்பு ஒவ்வோர் ஆண்டும் வரும்.

மதிப்பெண் பற்றி ஒரு சொல். முதல் நாளில் மாணவர் எழுதிய ஊகத்தைக் கிழிக்கவோ திருத்தவோ விடாதீர்கள். அதன் கீழேயே, எந்த அளவீட்டைப் பார்த்து எந்த நாளில் கருத்தை மாற்றிக்கொண்டேன் என்று எழுதச் சொல்லுங்கள். மாற்றிக்கொள்ளாதவர் ஏன் மாற்றவில்லை என்று எழுதட்டும். மதிப்பெண்ணை அந்தக் காரணத்துக்குக் கொடுங்கள். மதகைத் திறக்கலாம் என்றவருக்கும் கூடாது என்றவருக்கும் முழு மதிப்பெண் கிடைக்கக்கூடிய வினா அது. நான்கைந்து வாரம் பிடிக்கும். பாடத்திட்டம் முடியாது என்று சொல்லும் ஆசிரியரின் நெருக்கடி எனக்குத் தெரியும். ஆனால் கரைசல்கள், அமில-காரம், ஒளிச்சேர்க்கை, விகிதக் கணக்கு, குடிமையியல் ஆகிய ஐந்து பாடங்கள் இதற்குள் இருப்பதால், அந்த ஆசிரியர்கள் கூடிப் பேசினால் இழக்கும் வாரங்கள் குறைவு.

இந்தக் கல்லூரியின் கல்வியியல் துறை விரும்பினால் இந்த ஆண்டே எடுத்துக்கொள்ளத்தக்க ஒரு சிக்கலை விட்டுச்செல்கிறேன். ஆற்றில் விடாமல் நிறுத்திய உப்பில், தூய்மையாக மீள்வது சாயக் குளியலுக்கே திரும்பப் போகிறது. குளோரைடும் சல்பேட்டும் பிறவும் கலந்துபோன மிச்ச உப்பு அப்படிப் பயன்படாது. திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் அது மூட்டைகளாகச் சேர்ந்து, கொட்டகைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. புதைத்தால் மழையில் கரையும். கடலுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் யார் செலவில், எந்தக் கரையில், அங்கே மீன் பிடிப்பவரைக் கேட்டீர்களா என்ற கேள்விகள் வரும். பிரித்தெடுக்க வேண்டுமென்றால் எரிபொருள் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ உப்பு, ஒரு முகவை தண்ணீர், ஒரு மீட்டர், சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்வையிட அனுமதி கேட்டு ஒரு கடிதம். தொடங்க இவை போதும். கடிதத்தை மாணவர்களே எழுதட்டும்.